வாசலில்லாத கடை: வெளிச்சம் குறித்துச் சில குறிப்புகள்

நகரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கட்டடத்தை எழுதுகிறார்கள், கூட்டத்தை எழுதுகிறார்கள். வெளிச்சத்தை எழுதுவதில்லை. அது ஏதோ இயற்கை மாதிரி, எல்லோருக்கும் பொதுவானது மாதிரி விட்டுவிடப்படுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு கடைக்குள் எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

தி.நகர் ஜவுளிக்கடைகளை எடுத்துக்கொள்வோம். புடவை எடுக்க வந்த பெண்கள் முன்பெல்லாம் கடைக்காரர் பேச்சை அப்படியே நம்பிவிட மாட்டார்கள். 'இந்த ட்யூப்லைட்டுல ஒண்ணும் தெரியல, வாசலுக்குக் கொண்டாங்க' என்பார்கள். வெயிலில் விரித்தால் அரக்கா மெரூனா என்பது விளங்கிவிடும். இதில் அறிவியலும் இருக்கிறது. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு சாயங்கள் வேறொரு விளக்கில் வேறுவேறாகத் தெரியும். வாசலுக்குப் போவது, பண்டத்தைக் கடையின் பிடியிலிருந்து ஒரு நிமிஷம் பறித்துப் பார்க்கிற செயல். வாங்குகிறவளின் விமர்சனம் அது.

குளிரூட்டப்பட்ட பல மாடிக் கடையில் அந்த வாசல் எங்கே? நாலாவது மாடியில் சன்னல் அடைக்கப்பட்டுவிட்டது. நகைப் பிரிவில் தங்கத்துக்கு 3000 கெல்வின் வாக்கில் மஞ்சள் சாயல். வைரத்துக்கு 5000ஐத் தொடுகிற வெண்மை. வெளியே பகலா ராத்திரியா தெரியாது. வால்டர் பெஞ்சமின் ஆராய்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் கடைவீதிகளில் எரிவாயு விளக்கு எரிந்தது. ஆனாலும் கூரை கண்ணாடி, வானம் உள்ளே வந்தது. நம் கடைகளில் அதுவும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்கிற சாத்தியமே துடைக்கப்பட்டபின், கடையின் ஒளி மட்டுமே உண்மையின் அளவுகோலாகக் கட்டமைக்கப்படுகிறது.

இந்த ஒளிக்குக் கீழே நாள் முழுக்க நிற்பவர்கள் யார்? வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) அவர்களைத் திரைக்குக் கொண்டுவந்தது. 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்றது. ஒரு மனுஷி உட்கார்வதற்குச் சட்டம் வரவேண்டியிருந்தது. பொம்மைமேல் விழுகிற ஒளிக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை, அதற்கு நிபுணர் வந்தார். கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸைத் தலையில் சுமந்து போனவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை முகம் ஜொலிக்கும். சுமப்பவர் முகம் விளக்கின் அடிநிழலில் கிடக்கும்.

அப்படியானால் இருட்டைக் கொண்டாடுவதா? ஜப்பானிய எழுத்தாளர் தனிஸாகி 1933இல் நிழலின் அழகைப் போற்றி எழுதினார். அழகான கட்டுரைதான். ஆனால் அது வீடுள்ளவரின் இருட்டு. ஊரோடு தெருவிளக்கு நின்றுபோய், சேரிக்குள் கம்பம்கூட நடப்படாத இடத்தில் போய் அதைச் சொல்ல முடியுமா? கடைசி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணிடம்?

அதே சமயம் வெளிச்சம் தானாகவே விடுதலை ஆகிவிடாது. 1713இல் நியூயார்க்கில் ஒரு சட்டம் இருந்தது. பதினாலு வயதுக்கு மேற்பட்ட கறுப்பின, செவ்விந்திய அடிமைகள் எஜமானர் துணையில்லாமல் இரவில் வெளியே வந்தால் கையில் விளக்கோடுதான் வரவேண்டும். அவர்கள் வழி பார்ப்பதற்காக அல்ல, அவர்களைப் பார்ப்பதற்காக. பாதாளச் சிறையின் இருட்டு கைதியை மறைக்கவாவது செய்தது, கண்காணிப்புச் சிறையின் முழு ஒளி அவனைப் பிடித்துவிடுகிறது என்று ஃபூக்கோ விளக்கியது இங்கே பொருந்துகிறது. கடையில் கேமரா வேலை செய்யவும் நல்ல வெளிச்சம் வேண்டும். அது திருடனை மட்டும் பார்ப்பதில்லை, சுவரில் ஒரு நிமிஷம் சாய்கிற விற்பனைப் பெண்ணையும் பார்க்கிறது.

ஆக, கூடுதலா குறைவா என்பதில்லை பிரச்சனை. ஸ்விட்ச் யார் கையில் என்பதுதான். சேரித் தெருவுக்கு விளக்கு கேட்பதும், கடைக்குள் பகல் வெளிச்சம் கேட்பதும் ஒரே கோரிக்கையின் இரண்டு முனைகள் என்றே நான் பார்க்கிறேன். கடை ஊழியர்களோடு வேலை செய்கிற தோழர்கள் கூலி, நேரம், நாற்காலி என்று போகிற பட்டியலில் ஒரு சன்னலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலாளி சிரிப்பார். நாற்காலி கேட்டபோதும் சிரிச்சவங்கதானே.