கமுதியின் வெயிலும் கரிமூட்டமும்

நகரக் காற்றைத் தூய்மைப்படுத்தும் நம் திட்டங்களின் பெரிய குறை, அவை நகர எல்லையோடு கணக்கை முடித்துக்கொள்வதுதான். 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டின் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நகரங்கள் உள்ளன. மாசை அளந்து, இவ்வளவு குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, அதோடு நிதியையும் இணைத்தது இத்திட்டத்தின் உண்மையான பலம். ஆனால் பணம் போன வழியைப் பார்த்தால் பலவீனமும் தெரிகிறது. செலவான தொகையில் ஏறத்தாழ 64 சதவீதம் சாலைத் தூசியைக் கட்டுப்படுத்தவே போயிற்று என்றும், தொழிற்சாலை மாசுக்கு ஒரு சதவீதம்கூடப் போகவில்லை என்றும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் சுட்டிக்காட்டியது. தூசி மாநகராட்சியின் கைக்கு எட்டுகிறது, எரிபொருள் எட்டுவதில்லை. நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகள் பெரும்பாலும் எரிபொருளிலிருந்தே வருகிறது.

எரிபொருளைத் தொடர்ந்து போனால் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதிக்கு வந்து சேர்கிறோம். 2016இல் இங்கே 2,500 ஏக்கரில் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் பகல் முழுவதும் புகையின்றி மின்சாரம் தருகிறது. அதனால் தூத்துக்குடியின் காற்று எவ்வளவு தெளியும் என்பது, அந்த நேரத்தில் அங்குள்ள 1,050 மெகாவாட் அனல் நிலையம் எவ்வளவு நிலக்கரியைக் குறைத்து எரிக்கிறது என்பதைப் பொறுத்தது. பொழுது சாய்ந்ததும் சுமை மீண்டும் நிலக்கரியின் தலையில் விழுகிறது. அனல் நிலையங்களுக்கு 2015இல் விதித்த புகை வரம்புகளுக்கான கெடுவோ திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. சேமிப்பு வசதியும் புகைக் கட்டுப்பாடும் சேராதவரை கமுதி வெயிலின் பலன் பாதிதான்.

அதே கமுதி வட்டாரத்தில் சீமைக் கருவேலத்தை அடுக்கி, மண் பூசி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் புகையவிடும் கரிமூட்டங்கள் உண்டு. வெந்த கரி வெளியூர்ச் சந்தைக்குப் போகிறது. கார்பன் மோனாக்சைடும் நுண்துகளும் இங்கேயே தங்குகின்றன. சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்ன நீதிமன்ற உத்தரவுகளும் 2022இன் மாநிலக் கொள்கையும், வெட்டிய விறகு மூட்டத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியவை.

மூட்டப் புகை மதுரைவரை போவதில்லையே என்று கேட்கலாம். சரிதான், கேடு பெரும்பாலும் அருகிலிருப்பவர்களுக்கே. ஆனால் நகரவாசிகளின் தேவைக்காக எழும் புகையை நகரவாசிகள் சுவாசிக்கவில்லை என்பதாலேயே கணக்கிலிருந்து நீக்குவது, மாசைக் குறைப்பதாகாது, இடம் மாற்றுவதாகும். மழை பொய்க்கும் மானாவாரி நிலத்தில் கரிதானே பிழைப்பு என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அதனால்தான் தடை தீர்வாகாது. புகையை மீண்டும் எரித்துவிடும் மேம்பட்ட உலைகளுக்கு மானியம் தரலாம். விறகைப் புகை வடிகட்டி உள்ள உயிரிப்பொருள் மின் நிலையங்களுக்கு நியாய விலையில் வாங்கலாம். இரண்டுக்கும் பணம் வேண்டும். சாலை கூட்டும் இயந்திரங்களுக்குப் போகும் நிதியில் ஒரு பங்கே அதற்கு நல்ல தொடக்கம். இதை ஒரு பேரூராட்சியோ மாநகராட்சியோ தனித்துச் செய்ய முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மின்வாரியமும் மாவட்ட நிர்வாகங்களும் எரிபொருள் வாரியாக ஒரே கணக்கை எழுத வேண்டும். அதில் தூத்துக்குடியின் நிலக்கரியும் கமுதியின் கரியும் அடுத்தடுத்த வரிகளாக இருக்க வேண்டும்.