மூன்று மாதப் பிரயாணம்

மூன்று மாதத்தில் திரும்பி விடுவதாகத் தாயாரிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினாள் அன்னா. பார்த்ததெல்லாம் மறந்து போகாமலிருக்கத் தினமும் ஒரு நோட்டில் எழுதி வைப்பதாகவும், இலையுதிர் காலத்தில் வந்து எல்லாவற்றையும் விவரமாகச் சொல்வதாகவும் வாக்குக் கொடுத்திருந்தாள். அப்போது அவளுக்கு வயது இருபது. கல்யாணமாகி இரண்டு மாதம். புருஷனுக்கு வயது நாற்பத்தைந்து. ரஷ்யப் பழைய பஞ்சாங்கப்படி 1867 ஏப்ரல் 14-ந் தேதி பீட்டர்ஸ்பர்க்கை விட்டுக் கிளம்பிய டாஸ்டாயெவ்ஸ்கி தம்பதிகள் மறுபடி அந்த ஊரில் வந்து இறங்கியது 1871 ஜூலை 8-ந் தேதி. மூன்று மாதம் நாலே கால் வருஷமாகிவிட்டது.

பிரயாண நூல் எது கையில் கிடைத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பது என் வழக்கம். கோபுரத்தையும் ஏரியையும் யார் வேண்டுமானாலும் வர்ணித்துவிடலாம். போய் வந்ததில் வரவு என்ன, செலவு என்ன என்று ஆசாமி கணக்குப் பார்ப்பது கடைசிப் பக்கத்தில்தான். பொய் சொல்வதானாலும் அங்கேதான் சொல்வான்.

இந்தப் பிரயாணத்துக்குக் கணவர் கணக்கு எழுதவில்லை. 1862-ல் தனியாக ஐரோப்பா போய் வந்தபோது, மறு வருஷமே தம் அபிப்பிராயங்களைச் சுடச்சுட எழுதி வெளியிட்டவர் அவர். மனைவியோடு போன இந்த நீண்ட பிரயாணத்தைப் பற்றி அப்படி ஒரு நூல் இல்லை. நாவல்கள் இருக்கின்றன, கடிதங்கள் இருக்கின்றன. கணக்கு எழுதியவள் மனைவி. அதையும் இரண்டு முறை எழுதினாள். 1867-ல் சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பு ஒன்று. 1911-லிருந்து 1916 வரை, எழுபதை நெருங்கும் விதவையாக எழுதிய நினைவுக் குறிப்புகள் இன்னொன்று. இருபது வயது அன்னாவை 'அவள்' என்று எழுதிவிட முடிகிறது; அந்த அம்மாளை அப்படி எழுதக் கை வரவில்லை. 1918-ல் அவர் காலமான பிறகே, 1923-ல் ஒன்றும் 1925-ல் மற்றொன்றுமாக இரண்டும் அச்சாயின. நான் இரண்டையும் படித்தது ஆங்கிலத்தின் வழியாகத்தான். ரஷ்ய நடையைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் எதைச் சொல்கிறார், எதை விடுகிறார் என்று பார்க்க ரஷ்ய மொழி தெரிய வேண்டியதில்லை.

ஓர் இடத்தை மட்டும் இரண்டிலும் வைத்துப் பார்க்கலாம். 1867 ஆகஸ்டில் ஜெனீவா போகும் வழியில் பாஸல் நகரத்தில் இறங்குகிறார்கள். அங்குள்ள சித்திரசாலையில் ஹோல்பைன் வரைந்த படம், கல்லறையில் கிடக்கும் கிறிஸ்துவின் சடலம். நினைவுக் குறிப்புகளில் காட்சி இப்படி: கர்ப்பிணியான மனைவியால் அந்தப் படத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. வேறு அறைகளுக்குப் போய்விட்டுக் கால்மணி கழித்துத் திரும்பி வருகிறார். கணவர் ஆணி அடித்தாற்போல் அதே இடத்தில் நிற்கிறார். காக்காய் வலிப்புக்கு முந்திய கணங்களில் வரும் பீதி அவர் முகத்தில் தெரிகிறது. கையைப் பிடித்து அழைத்துப் போய் வேறு அறையில் உட்கார வைக்கிறார்.

நாட்குறிப்பிலும் அந்தப் படத்தின் பயங்கரம் இருக்கிறது. அவள் அடுத்த அறைக்குப் போனதும் இருக்கிறது. ஆனால் அதில் இன்னொன்றும் உண்டு. படத்தைக் கிட்டத்தில் பார்க்கக் கணவர் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் அபராதம் போடுகிறார்களே, இதற்கும் போட்டுவிடப் போகிறார்களே என்று அவளுக்குக் கவலை!

எனக்கு அந்த நாற்காலிதான் வேண்டும். நாற்பது வருஷம் கழித்து எழுதும்போது அந்த அம்மாளுக்கு 'இடியட்' நாவல் இருக்கிறது. அதில் ரகோஷின் வீட்டில் அந்தப் படத்தின் பிரதி தொங்குவதும், அதைப் பார்த்தால் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும் என்று மிஷ்கின் சொல்வதும் உலகம் அறிந்த விஷயங்களாகிவிட்டன. நாவல் ஞாபகத்தைத் திருத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். மேதையின் முகத்தில் பீதி வந்து உட்கார்ந்ததும் நாற்காலி ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. நாட்குறிப்பு எழுதிய பெண்ணுக்கு மேதை யாரும் தெரியாது. நாற்காலி மேல் நின்ற 'ஃபெத்யா'வைத்தான் தெரியும். கைச்செலவுக்கு என்ன மிச்சம் என்பதும் தெரியும்.

இப்படி ஒதுங்கியவை இன்னும் உண்டு. டிரெஸ்டனில் கணவருக்கு வந்த, அவருடைய பழைய காதலி சுஸ்லோவா எழுதிய கடிதத்தை அவள் திருட்டுத்தனமாகப் பிரித்துப் படித்து நடுநடுங்கியதை நாட்குறிப்பு சொல்கிறது. கணவருக்குச் சுருக்கெழுத்துப் படிக்கத் தெரியாது. அதனால் பத்திரமாக எழுத முடிந்தது. நினைவுக் குறிப்புகளில் இந்தக் கடிதத்துக்கு இடமில்லை. நாட்குறிப்பைக் கூட, வயதான காலத்தில் தாமே பெயர்த்து எழுதும்போது அந்த அம்மாள் பல இடங்களில் மழுப்பியிருக்கிறார். அவர் பெயர்க்காமல் விட்ட ஒரு நோட்டைப் பிற்காலத்தில் ஒரு சுருக்கெழுத்து நிபுணர் பாடுபட்டுப் படித்து, 1973-ல் அது அச்சானபோதுதான் மூலம் எவ்வளவு காரமானது என்று தெரிந்தது. இதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். தன் இருபது வயது நோட்டை எழுபதில் எடுத்துப் படிக்கிற யாருக்கும் பேனா சும்மா இருக்காது.

பாடன் பாடனில் கொல்லுப் பட்டறைக்கு மேலே குடியிருந்ததையும், கல்யாணப் பரிசாகக் கணவர் கொடுத்த தோடும் புரோச்சும் சூதாட்டத்துக்காக அடகுக்குப் போனதையும் விரிவாகச் சொல்லப் போவதில்லை. அவை எல்லாரும் எழுதிய கதை. ஜெனீவாவை அப்படித் தாண்டிவிட முடியாது. 1868 பிப்ரவரி 22-ல் அங்கே பிறந்த சோனியா, மே 12-ல், மூன்று மாதம் நிறைவதற்குள் இறந்து போனாள். இங்கே நாட்குறிப்பு நமக்கு உதவாது. நினைவுக் குறிப்புகள்தான் உண்டு. அந்தப் பக்கங்களில் மழுப்பல் கிடையாது. குழந்தையை இழந்தவள் அழுவது எங்கள் நரம்புகளைப் பாதிக்கிறது, கொஞ்சம் மெதுவாக அழச் சொல்லுங்கள் என்று அண்டை வீட்டார் சொல்லி அனுப்பினார்களாம். ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே போகிறார். வெவேக்குப் போகும் படகில் கணவர் வாழ்நாளிலேயே முதல் தடவையாக விதியை நொந்து பேசினார் என்பதும் அங்கேதான் வருகிறது.

இனி முடிவுக்கு வருகிறேன். மிலான், பிளாரன்ஸ், பிராக் என்று அலைந்து மறுபடி டிரெஸ்டன். ரஷ்யா போகாவிட்டால் எழுத்தே வற்றிவிடும் என்று கணவர் பயப்படுகிறார். பத்திரிகையிலிருந்து பணம் வருகிறது. கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் கட்டுக் கட்டாகக் காகிதத்தை எடுத்து மனைவியிடம் கொடுத்து எரிக்கச் சொல்கிறார். எல்லையில் சோதனை போட்டுப் பறித்துவிடுவார்கள். 1849-ல் கைதானபோது காகிதங்கள் போனது போல இவையும் போகும் என்கிறார். கணப்பைப் பற்ற வைத்து இருவரும் எரிக்கிறார்கள். 'இடியட்', 'நித்தியக் கணவன்', 'பேய்கள்' நாவலின் முதல் வடிவம் எல்லாம் சாம்பல். நோட்டுப் புத்தகங்களை மட்டும் அன்னா மன்றாடிக் காப்பாற்றித் தாயார் மூலம் பின்னால் வந்துசேர ஏற்பாடு செய்கிறாள். இந்த ஓர் இடத்தில் தம்பதிகள் இருவரின் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறது: அவர் எரிக்கிறார், அவள் எடுத்து வைக்கிறாள். எல்லையில் அதிகாரிகள் உண்மையிலேயே காகிதங்களைக் குடைந்துகொண்டிருக்க, ரயில் போய்விடும் போலிருக்கிறது. இரண்டு வயது நிரம்பாத லூபாவுக்குப் பசி. 'அம்மா, பன்னு கொடு' என்று அவள் போட்ட கூச்சல் தாங்காமல் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்.

இதன் பிறகு நான் தேடிய கடைசிப் பக்கம் வருகிறது. வறுமையும் துக்கமும் நிறைந்திருந்தாலும், அந்நிய நாட்டுத் தனிமை கணவரை நல்லவராக மாற்றியது; மென்மையும் பொறுமையும் வந்துவிட்டதாக நண்பர்கள் எல்லாரும் சொன்னார்கள் என்று அந்த அம்மாள் எழுதுகிறார். இதை நான் முழுதாக நம்பவில்லை. அந்தப் பொறுமைசாலி அப்போது எழுதிக்கொண்டிருந்தது 'பேய்கள்'. துர்கனேவைக் கேலிச்சித்திரமாக்கிச் சந்தியில் நிறுத்திய நாவல் அது. மனைவிக்கு மென்மை தெரிந்திருக்கலாம், காகிதத்தில் தெரியவில்லை.

தம்மைப் பற்றி எழுதும் வரிகள் வேறு ஜாதி. கூச்சமுள்ள பெண்ணாகப் போனேன், வாழ்க்கைத் தொல்லைக்கு அஞ்சாத பெண்ணாகத் திரும்பினேன் என்கிறார். உடனே திருத்துகிறார்: தொல்லை என்றால் கடன், இருபத்தையாயிரம் ரூபிள். பெருமையாகச் சொல்ல ஆரம்பித்ததைத் தொகையில் கொண்டு நிறுத்துகிற இந்தக் கை, நாட்குறிப்பில் அபராதத்துக்குப் பயந்த அதே கைதான். மேலும் சொல்கிறார்: சிநேகிதிகள், நீ எப்படி இவ்வளவு கிழடாகிப் போனாய், உடுப்பில் ஏன் இந்த அலட்சியம் என்று கடிந்துகொண்டார்கள். பிற ஆண்கள் இருக்கும் இடத்தில் அதிகம் பேசாமல் ஒதுங்கியிருந்தேன். கணவருக்குப் பொறாமை வரக் கூடாதே என்றுதான். என் கலகலப்பையெல்லாம் வீட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

இந்தப் பக்கத்தைப் பதிபக்தியின் சாட்சியாக மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. அப்படிப் படித்தால் கிழடாகிப் போன செய்தி எதற்கு? கலகலப்பை வீட்டுக்குள் வைத்ததை எதற்குச் சொல்ல வேண்டும்? மற்ற இடங்களில் அழிக்கத் தெரிந்த கை இங்கே அழிக்கவில்லை. அப்போது அவளுக்கு வயது இருபத்து நாலுதான்.

ஊர் சேர்ந்து எட்டாம் நாள் ஒரு பிள்ளை பிறக்கிறான். சில மாதங்களில், எழுத்தாளர் திரும்பிவிட்டார் என்று பத்திரிகையில் செய்தி வந்ததும் கடன்காரர்கள் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். கணவரை உள்ளே எழுத விட்டுவிட்டு, அவர்களிடம் பேச அன்னா எழுந்து போகிறாள்.