தீக்குச்சியும் வால்டியூபும்: ஒரு மதிப்பீடு

வீணான பொருள்களைக் கொண்டு சிறுவர்கள் செய்யத்தக்க கைவேலைகள் என்று பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் எத்தனையோ வருகின்றன. காலி டப்பாவுக்கு வண்ணத்தாள் ஒட்டினால் பேனா வைக்கும் குவளை. ஐஸ் குச்சிகளை அடுக்கி ஒட்டினால் குடிசை. தேங்காய்ச் சிரட்டைக்குக் கண்ணும் மூக்கும் வரைந்தால் பொம்மை. இவற்றில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பசை காய்ந்ததும் பொருள் அலமாரிக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு அதனுடன் குழந்தைக்கு ஒரு வேலையும் கிடையாது. பள்ளியில் இத்தகைய கைவேலை கொடுத்த அன்று மாலையே கடையில் புத்தம் புதிய ஐஸ் குச்சிக் கட்டுகளும் மினுக்குத் தாள்களும் விலைபோவதைப் பார்க்கிறோம். சிக்கனம் கற்பிக்கப் புறப்பட்டு, வீட்டுக்குப் புதுச் செலவு வைப்பதில் முடிகிறது.

இவற்றிலிருந்து வேறுபட்ட ஒரு வகையும் உண்டு. அதில் பொருளைச் செய்து முடித்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. அது சுழலும், ஒலிக்கும், ஆடும், சில சமயம் ஓட மறுக்கும். ஏன் என்று குழந்தை கேட்கும். இந்த வகைக்கு நம் நாட்டில் நல்ல எடுத்துக்காட்டாக இருப்பவை அரவிந்த் குப்தாவின் நூல்கள். அவற்றுள் 1980களில் வெளிவந்து பல இந்திய மொழிகளுக்கும் சென்ற முதல் நூலின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘தீக்குச்சி மாதிரிகளும் பிற அறிவியல் சோதனைகளும்’ என்று வரும். அந்நூலையும் அதன் வழியில் அவர் எழுதிய மற்றவற்றையும் சேர்த்து இங்கே எடைபோட்டுப் பார்க்கலாம்.

நூல் பிறந்த இடம்

அரவிந்த் குப்தா கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975இல் மின் பொறியியல் பட்டம் பெற்றவர். புனேயில் லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குச் சென்றார். இன்று அம்மாவட்டத்தின் பெயர் நர்மதாபுரம். அங்கே 1972 முதல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதிய அறிவியல் கல்வித் திட்டம் நடந்துவந்தது. மாணவர் தாமே சோதனை செய்து, கண்டதை எழுதி, வகுப்பில் வாதிட்டு முடிவுக்கு வர வேண்டும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. கிராமப் பள்ளியில் கண்ணாடிக் கருவிகளுக்கு எங்கே போவது? வாரச்சந்தையில் கிடைப்பதைக் கொண்டே கருவி செய்தாக வேண்டும். சைக்கிள் கடையில் விற்கும் வால்டியூப், அதாவது சக்கரத்தின் வால்வின்மேல் மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழாய், இப்படித்தான் வடிவியல் கருவியாயிற்று.

இம்முயற்சிக்கு ஒரு முன்வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பள்ளிகள் அழிந்த நாடுகளின் ஆசிரியர்களுக்காக யுனெஸ்கோ 1948இல் ஒரு சிறு கையேடு வெளியிட்டது. கிடைத்த பொருளைக் கொண்டு சோதனைக் கருவிகள் செய்யும் வழிகளைக் கூறிய அக்கையேடு, 1956இல் பெரிய மூலநூலாக வளர்ந்து உலகெங்கும் பரவியது. குப்தாவின் நூல்களை அந்த மரபில் வைத்தே பார்க்க வேண்டும்.

முக்கோணம் ஏன் ஆடுவதில்லை?

முதல் நூலின் உயிர்நாடி தீக்குச்சி மாதிரிகள். சுமார் 2 செ.மீ. நீளமுள்ள வால்டியூப் துண்டின் இரு முனைகளிலும் மருந்து நீக்கிய தீக்குச்சிகளைச் செருகினால் வளையக்கூடிய ஒரு மூட்டு கிடைக்கும். துண்டின் நடுவில் ஊசியால் துளையிட்டு இன்னொரு குச்சியைச் செருகினால் மூன்று குச்சி மூட்டு. இவற்றைக் கொண்டு முக்கோணம், சதுரம், ஐங்கோணம், பிறகு நான்முகி, கனசதுரம் என்று வளர்த்துக்கொண்டே போகலாம்.

ஐந்தாம், ஆறாம் வகுப்புப் படிக்கும் எட்டுப் பிள்ளைகளுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பார்த்தேன். முதல் தடங்கல் தீப்பெட்டியிலேயே வந்தது. இப்போது பல பெட்டிகளில் மெழுகுக் குச்சிகள் இருக்கின்றன. அவை வளைந்துவிடுகின்றன. மரக்குச்சிப் பெட்டியைத் தேடி வாங்க வேண்டியதாயிற்று. பற்றாக்குறைக்குத் துடைப்பத்தின் ஈர்க்குச்சிகளை வெட்டிக்கொண்டோம். அதன்பின் ஒரு மணி நேரம் பிள்ளைகள் தலை நிமிரவில்லை. சதுரத்தை விரலால் தள்ளினால் சாய்கிறது, முக்கோணம் சாயவில்லை. ஒரு பெண் கேட்டாள்: “இன்னும் எத்தனை குச்சி போட்டால் இந்தப் பெட்டி ஆடாமல் நிற்கும்?”

இந்தக் கேள்விக்கு ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1864இல் ஒரு விதி தந்திருக்கிறார். சமதள உருவத்தில் மூட்டுகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி மூன்றைக் கழியுங்கள். அத்தனை குச்சிகளாவது இருந்தால்தான் உருவம் உறுதியாக நிற்கும். முக்கோணத்துக்கு மூன்று மூட்டுகள், வேண்டியவை 3 குச்சிகள், இருப்பதும் 3. சதுரத்துக்கு வேண்டியவை 5, இருப்பவை 4. ஆகவே ஒரு மூலைவிட்டம் தேவை. முப்பரிமாண உருவமானால் மூன்றால் பெருக்கி ஆறைக் கழிக்க வேண்டும். நான்முகிக்கு வேண்டியவை 6, இருப்பவை 6. கனசதுரத்துக்கு எட்டு மூட்டுகள், வேண்டியவை 18, இருப்பவை 12. குறைவது ஆறு. கனசதுரத்தின் முகங்களும் ஆறு! முகத்துக்கு ஒரு மூலைவிட்டம் வீதம் போட்டதும் பெட்டி கல்லைப் போல நின்றது. அந்த மூலைவிட்டத்துக்குத் தீக்குச்சி எட்டவில்லை என்பதையும் பிள்ளைகளே கண்டுகொண்டார்கள். பக்கம் 4 செ.மீ. என்றால் மூலைவிட்டம் ஏறத்தாழ 5.7 செ.மீ. இரண்டின் வர்க்கமூலம் ஈர்க்குச்சியின் உருவில் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. மின்கோபுரத்திலும் ரயில் பாலத்திலும் முக்கோணங்கள் ஏன் நிறைந்திருக்கின்றன என்று இனி அவர்களுக்குத் தனியே பாடம் நடத்த வேண்டியதில்லை.

இக்கருத்து புதிதன்று. குழந்தைக் கல்வியின் முன்னோடி ஃபுரோபல், ஊறவைத்த பட்டாணியையும் குச்சிகளையும் இணைத்து உருவங்கள் செய்யும் பயிற்சியை 19ஆம் நூற்றாண்டிலேயே வகுத்தார். வளைகூரைக் கட்டடங்களால் புகழ்பெற்ற பக்மின்ஸ்டர் ஃபுல்லர், பாலர் பள்ளியில் பட்டாணியும் குச்சியும் கொண்டு முக்கோணங்கள் அடுக்கியதைத் தம் முதல் கண்டுபிடிப்பாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பட்டாணிக்குப் பதில் வால்டியூப் என்பது ஹோஷங்காபாத்தின் பங்கு. பட்டாணி காய்ந்தால் மூட்டு இறுகிவிடும். ரப்பர் மூட்டோ எப்போதும் வளைந்துகொடுக்கும். எது ஆடுகிறது, எது ஆடவில்லை என்பது அதனால்தான் தெளிவாகத் தெரிகிறது.

ஓட மறுக்கும் மோட்டார்

இவ்வரிசையில் அடுத்துப் பாராட்டத்தக்கது எளிய மின் மோட்டார். ஒரு டார்ச் செல், இரண்டு ஊக்குகள், எனாமல் பூசிய செப்புக் கம்பிச் சுருள், ஒரு காந்தம் ஆகியவை போதும். சுருளின் முனைகளில் உள்ள பூச்சைச் சுற்றிலும் சுரண்டிவிடாமல் ஒரு பக்கம் மட்டும் விட்டுவைக்க வேண்டும். அவசரக்காரப் பையன் முழுவதையும் சுரண்டிவிடுவான். சுருள் இப்படியும் அப்படியும் ஆடி நின்றுவிடும். காரணம் என்ன? அரைச்சுற்று முடிந்ததும் காந்தத்தின் உந்தல் எதிர்த்திசைக்கு மாறிவிடுகிறது. அந்த வேளையில் விட்டுவைத்த பூச்சு மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. ஓடிய வேகத்திலேயே சுருள் மறுபாதியைக் கடந்துவிடுகிறது. பெரிய மோட்டாரில் திசைமாற்றி செய்யும் வேலையை இங்கே ஒரு கீற்று எனாமல் பாதியளவு செய்கிறது. கடையில் வாங்கிய பொம்மை கெட்டால் அழுகைதான் மிஞ்சும். தானே செய்தது கெட்டால் பாடம் மிஞ்சுகிறது.

குறைகள்

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, விளக்கத்தின் சுருக்கம். படங்கள் தெளிவு; செய்முறை தெளிவு. ஆனால் ஏன் என்ற இடத்தில் பல பக்கங்கள் வாயை மூடிக்கொள்கின்றன. குழந்தையே யோசிக்கட்டும் என்பது ஆசிரியரின் எண்ணமாக இருக்கலாம். அறிவியல் படித்த ஆசிரியர் அருகில் இருந்தால் அது சரி. தனியாக வாசிக்கும் மாணவனுக்கு ஒரு குறிப்பாவது தர வேண்டாமா? பொம்மை ஓடியதும் மகிழ்ந்து அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுபவன், பேனாக் குவளை செய்தவனைவிட அதிகம் கற்றுக்கொண்டான் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, காலம் மாற்றிவிட்ட குப்பை. காமிரா ஃபிலிம் சுருள் வரும் பிளாஸ்டிக் டப்பியால் செய்யும் பம்பு அருமையானதுதான். ஆனால் இன்று அந்த டப்பியை மாணவர்கள் கண்டதே இல்லை. உறிஞ்சு குழலின் முனையைத் தட்டையாக்கிக் கத்தரித்து ஊதும் குழல் இன்னொன்று. நீளத்தை வெட்டிக் குறைக்கக் குறைக்கச் சுருதி ஏறும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் குழல்களுக்கு 2022 ஜூலை முதல் நாட்டில் தடை இருக்கிறது. இதற்காக வருந்த வேண்டியதில்லை. பூவரச இலையைச் சுருட்டி நம் பிள்ளைகள் ஊதும் பீப்பியும் அதே தத்துவத்தில்தான் ஒலிக்கிறது. நாகசுரத்தின் சீவாளியும் அப்படியே. புதிய பதிப்புகளில் பொருள்களின் பட்டியல் இப்படி மாற்றி எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு. தீக்குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்து. உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நீரில் நனைத்தபின் பெரியவர் வெட்டித் தர வேண்டும். மோட்டாரின் சுருள் குறைந்த மின்தடை கொண்டது. இணைத்தே வைத்திருந்தால் செல் சுடும். பொத்தான் செல்லைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகலாம். சிறு காந்தங்கள் இரண்டை விழுங்கினால் அவை குடலின் சுவரை இடையில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மருந்தூசிக் குழாய்களைக் கருவியாக்கும்போது புதியவற்றையே, ஊசி இல்லாமல், வாங்க வேண்டும். குப்பையில் கிடந்ததைத் தொடவே கூடாது. குப்பையிலிருந்து பொம்மை என்ற அழகான பெயருக்குள் இந்த ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

தீக்குச்சியைப் பற்றி இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சிவகாசி, கோவில்பட்டி வட்டாரங்களில் தீப்பெட்டி வேலையில் குழந்தைகளின் கைகள் நெடுங்காலம் ஈடுபடுத்தப்பட்டன. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொழிலில் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. ஒரு குழந்தையின் கையில் தீக்குச்சி பாடமாக இருந்த அதே நாளில், இன்னொரு குழந்தையின் கையில் அது கூலியாக இருந்தது. இந்த நூலை வகுப்பில் எடுக்கும் ஆசிரியர் இதையும் ஒரு நிமிடம் சொல்லலாம்.

மலிவு என்பது என்ன?

இறுதியாக ஒரு பெரிய கேள்வி. தீக்குச்சியும் ரப்பரும் போதும் என்றால் பள்ளிக்கு ஆய்வுக்கூடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்நூல்களைப் புகழ்வோரில் சிலரே அப்படிப் பேசுகிறார்கள். இது தவறு, ஹோஷங்காபாத்தின் கதையே அதற்குச் சாட்சி. அங்கே வால்டியூப் தனியாக வேலை செய்யவில்லை. பள்ளிகளுக்குச் சோதனைப் பொருள்கள் பெட்டியாக வழங்கப்பட்டன. ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி நடந்தது. புத்தகத்தைப் பார்த்தே எழுதும் தேர்வும், செய்முறைத் தேர்வும் இருந்தன. அந்த ஏற்பாட்டின் துணையுடன் 1978இல் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 1982 முதல் ஏகலவ்யா நிறுவனம் அதை நடத்திவந்தது. 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. நூல் இன்றும் கிடைக்கிறது; அந்த வகுப்பறை இல்லை. மலிவான பொருளுக்குப் பின்னால் விலையுயர்ந்த ஒன்று, அதாவது பயிற்சி பெற்று நேரம் ஒதுக்கும் ஆசிரியர், இருந்தாக வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் அறிவது.

இக்குறைகளுக்குப் பின்னும் நூல்களின் மதிப்பு குறைந்துவிடவில்லை. தம் நூல்களை யாரும் கட்டணமின்றிப் படிக்க அரவிந்த் குப்தா இணையத்தில் வைத்திருக்கிறார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் நூலகத்திலும் இவை இருக்க வேண்டும். பூட்டிய அலமாரியில் அல்ல, மேசையின்மேல், பக்கத்தில் ஒரு முழம் வால்டியூபுடன்.

வாசகர்கள் இன்று மாலையே தொடங்கலாம். ஒரு கனசதுரம் செய்யுங்கள். ஆறு மூலைவிட்டங்களையும் போட்டு உறுதியாக்குங்கள். பிறகு ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, பெட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். சாயும் திசையை முன்கூட்டியே உங்களால் சொல்ல முடிந்தால், நீங்கள் செய்தது வெறும் கைவேலை அன்று.