எந்தத் திரைக்கு எந்த அட்டை?

ஆம்பூர்ப் பக்கம் காலணி வடிவமைக்கும் மேசையில் இரண்டு திரைகள் அருகருகே ஒளிரும். ஒன்றில் தோல் வெட்டுவதற்கான கோடுகள், மற்றொன்றில் முழு ஷூவின் உருவம். எந்தத் திரைக்கு எந்த கிராபிக்ஸ் அட்டை படம் அனுப்புகிறது? இதை நிரல் வழியே தேடிப் போவதில் ஒரு சுகம் இருக்கிறது. ராணிப்பேட்டையில் தோல் தரம் பிரிப்பவர் கண்ணை மட்டும் நம்பாமல் விரலாலும் தடவிப் பார்ப்பதுபோல, இங்கேயும் ஊகத்துக்கு இடமில்லை. தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும்.

லினக்ஸில் அந்த வழி மிக மென்மையானது. கிராபிக்ஸ் அட்டைகளைக் கையாளும் டிஆர்எம் பகுதியின் கோப்பகத்தில் 'கார்டு0-எச்டிஎம்ஐ-ஏ-1' என்ற பெயரே பாதி விடை சொல்லிவிடும். உள்ளே 'ஸ்டேட்டஸ்' கோப்பைத் திறந்தால் 'கனெக்டட்' என்று ஒற்றைச் சொல். பக்கத்திலேயே 'ஈடிஐடி' கோப்பு. திரை தன் தயாரிப்பாளரையும் மாடலையும் தானே சொல்லிக்கொள்ளும் பைட்டுகள். அட்டையின் 'வெண்டர்' கோப்பில் 8086 என்றிருந்தால் இன்டெல், 10டிஇ என்றிருந்தால் என்விடியா. விண்டோஸில் டிஎக்ஸ்ஜிஐ என்ற நிரல் இடைமுகம் வழியே அட்டைகளை வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றிடமும் அதன் திரைகளைக் கேட்க வேண்டும். சில மடிக்கணினிகளில் உள்திரை இன்டெல்லிலும் எச்டிஎம்ஐ துளை என்விடியாவிலும் இணைந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் கணம் இனிமையானது. பொறுமையாகக் கேட்டால் இயந்திரம் பதில் சொல்லும். ஒருமுறை நீங்களும் கேட்டுப் பாருங்கள்.