உரிமத்தைப் படித்தோம், ஒப்பந்தத்தைப் படித்தோமா?

கட்டற்ற மென்பொருளுக்கு நிரல் எழுதித் தருகிறவர்களிடம் "எந்த உரிமம்?" என்று கேட்டால் பதில் உடனே வரும். "சி.எல்.ஏ.ல என்ன இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் மௌனம்தான். சி.எல்.ஏ. என்பது பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம். முதல் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியதும் ஒரு பாட் வந்து இணைப்பு தரும், அழுத்துவோம், பச்சை டிக் விழும். அவ்வளவுதான். ஆனால் நாம் தந்த நிரலின் எதிர்காலம் பல சமயம் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

டெர்ராஃபார்மைப் பாருங்கள். ஹாஷிகார்ப் நிறுவனம் அதை மோசில்லா பொது உரிமம் 2.0-ன் கீழ் வெளியிட்டு வந்தது. ஒரு கோப்பைத் திருத்தி வெளியே விநியோகித்தால், திருத்திய கோப்பையும் அதே உரிமத்தில் தரணும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. எல்லாருக்கும் பொதுவான விதி மாதிரிதான் தெரியும். ஆனால் பங்களித்தவர்கள் சி.எல்.ஏ. வழியாக நிறுவனத்துக்கு மட்டும் தனியாக, இன்னும் விரிவான உரிமை கொடுத்திருந்தார்கள். 2023 ஆகஸ்ட் 10 அன்று, இனி வரும் பதிப்புகள் பிசினஸ் சோர்ஸ் உரிமத்தில் வரும் என்று அறிவிப்பு வந்தது. நிறுவனத்தோடு போட்டி போடும் சேவைக்கு அந்த நிரலைப் பயன்படுத்தத் தடை. வெளியாட்கள் எழுதிய வரிகளும் அந்த வேலிக்குள் போயின.

பழைய பதிப்புகளை யாராலும் திரும்பப் பிடுங்க முடியவில்லை. அவற்றிலிருந்துதான் ஓப்பன்டோஃபு கிளைத்தது. அந்த அளவுக்கு உரிமம் காப்பாற்றியது. ஆனால் மற்றவர்களைக் கட்டிய விதி நிறுவனத்தை மட்டும் கட்டவில்லை என்பதுதான் என் குறை.

"பெரிய கிளவுட் நிறுவனங்கள் சும்மா எடுத்துக் காசு பார்க்குதே, என்ன பண்றது?" என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் சம்பளமில்லாமல் எழுதித் தந்தவர் அந்தச் சண்டையில் ஒரு தரப்பே இல்லை. அவரிடம் கேட்காமலேயே அவர் உழைப்பு ஒரு பக்கம் நிறுத்தப்படுகிறது.

சி.எல்.ஏ. இல்லாவிட்டால் தப்பிச்சிடலாமா? அதுவும் இல்லை. ரெடிஸ் பி.எஸ்.டி. உரிமத்தில் இருந்தது. அந்த உரிமமே யாரும் எடுத்து மூடிய பொருளாக்கலாம் என்று அனுமதிப்பது. 2024 மார்ச்சில் உரிமம் மாறியபோது சட்டப்படி தடை ஏதும் இல்லை. அதிலிருந்து வால்கீ பிரிந்தது. ஆக, உரிமம், ஒப்பந்தம் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

லினக்ஸ் கெர்னல் வேறு வழியில் போனது. 2003-ல் எஸ்.சி.ஓ. நிறுவனம் ஐ.பி.எம். மீது தொடுத்த வழக்குக்குப் பிறகு, 2004-ல் டி.சி.ஓ. வந்தது. "இதைத் தரும் உரிமை எனக்கு உண்டு, இந்தத் திட்டத்தின் உரிமத்திலேயே தருகிறேன்" என்கிற உறுதிமொழி. கமிட்டின் அடியில் ஒரு கையொப்ப வரி. யாருக்கும் கூடுதல் அதிகாரம் போவதில்லை. காப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடப்பதால், உரிமத்தை ஒருவர் நினைத்து மாற்றிவிட முடியாது. அந்தச் சிதறல்தான் பாதுகாப்பு.

அதற்காக ஒப்பந்தம் என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை பல குனு திட்டங்களுக்குக் காப்புரிமையையே எழுதி வாங்கியது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில், அந்த நிரலைக் கட்டற்ற உரிமத்தில்தான் வெளியிடுவோம் என்று அறக்கட்டளையும் வாக்குக் கொடுத்தது. கொடுப்பவர் கையெழுத்துக்குப் பதிலாக வாங்குபவர் வாக்கு. பல நிறுவனங்களின் சி.எல்.ஏ.வில் இல்லாதது இந்த மறுபாதிதான். ஜி.சி.சி. 2021-ல் டி.சி.ஓ.வையும் ஏற்றுக்கொண்டது.

கிட் சொல்லிக்கொடுக்கும் எந்தப் பயிலரங்கிலும் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம். கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: உரிமத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? நம்மிடம் வாங்குகிறவர் பதிலுக்கு என்ன வாக்குத் தருகிறார்? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றாலும் பங்களிக்கலாம், தப்பில்லை. தெரிந்தே கொடுக்கிறோம் என்று இருக்கணும்.