எல்லைக்கோடும் அடையாள வினாவும்: வட அயர்லாந்து இலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

பிளவுண்ட சமூகங்களின் இலக்கியத்தை ஆராயும் முற்போக்கு விமர்சனம் பெரும்பாலும் இரு முடிவுகளுள் ஒன்றைச் சென்றடைகிறது. அடையாள உணர்வு பொருளாதார முரண்பாடுகளின் நிழலே. அம்முரண்பாடுகள் தீருமாயின் அதுவும் மறையும் என்பது ஒன்று. ஒடுக்கப்பட்ட தரப்பின் அடையாளமே மெய்யானது. மற்றத் தரப்பினது வெறும் ஆதிக்க உணர்வு என்பது மற்றொன்று. அயர்லாந்து எல்லையைக் களமாகவோ பின்புலமாகவோ கொண்டெழுந்த படைப்புகள் சிலவற்றை நோக்குமிடத்து, இவ்விரு முடிவுகளும் போதாமையுடையன என்பது புலனாகும்.

இவ்வெல்லையின் தோற்றத்தை முதலில் சுருக்கமாகக் குறிப்பிடுதல் அவசியம். 1920ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசாங்கச் சட்டத்தின்படி அல்ஸ்டர் மாகாணத்தின் ஒன்பது கவுண்டிகளுள் ஆறு மட்டும் வட அயர்லாந்தாக வகுக்கப்பட்டன. 1921 மே மாதம் பிரிவினை நடைமுறைக்கு வந்தது. டொனிகோல், கவன், மொனகன் ஆகிய மூன்றும் விலக்கப்பட்டமை, பிரித்தானியாவுடன் இணைந்திருக்க விரும்பிய புரட்டஸ்தாந்தருக்கு உறுதியான பெரும்பான்மையை உண்டாக்குவதற்கேயாம். ஆயினும் சேர்க்கப்பட்ட ஆறினுள்ளும் டைரோன், பேர்மனா ஆகிய இரண்டில் கத்தோலிக்கரே பெரும்பான்மையினராயிருந்தனர். 1923 ஏப்ரலில் எல்லையிற் சுங்கச் சாவடிகள் எழுந்தன. எல்லையைத் திருத்தவென 1924இல் அமைந்த ஆணைக்குழுவின் முடிவுகள் 1925 நவம்பரில் பத்திரிகையொன்றிற் கசிந்தன. அடுத்த மாதமே லண்டன், டப்ளின், பெல்பாஸ்ட் அரசாங்கங்கள் உடன்பட்டுப் பழைய கோட்டையே நிலைநிறுத்தின. அதே உடன்பாட்டில் ஐக்கிய இராச்சியத்தின் பொதுக்கடனில் டப்ளின் ஏற்கவேண்டியிருந்த பங்கு நீக்கப்பட்டது. ஆணைக்குழுவின் அறிக்கையோ 1969 வரை வெளிவரவில்லை. எல்லையோர மக்கள் எந்நாட்டவர் என்பது, அவர்களைக் கேளாமலே, கடன் தீர்க்கும் பேரத்தோடு சேர்த்து முடிக்கப்பட்டது.

ஸ்பைக் மில்லிகன் 1963இல் எழுதிய 'பக்கூன்' என்னும் நகைச்சுவை நாவல் இவ்வரலாற்றையே பகடி செய்கிறது. கோடு கிராமத்தினூடாகச் செல்கிறது. மதுக்கடையின் ஒரு மூலை மட்டும் மறுபுறத்தில் அமைய, அங்கு விலை குறைவென்பதால் எல்லோரும் அம்மூலையில் நெருக்கியடித்து நிற்கின்றனர். இடுகாடும் பிளவுபடுகிறது, பிணத்துக்கும் கடவுச்சீட்டு வேண்டப்படுகிறது. இது வெறுங் கேலியன்று. எல்லை முதலில் விலையாகவும் பத்திரமாகவும் மக்களைத் தீண்டுகிறது என்பதை மில்லிகன் நன்கறிந்திருந்தார். ஆனால் அவரது பாத்திரங்கள் கோட்டினால் அலைக்கழிக்கப்படுகின்றனரேயன்றி, அதனால் அகத்தில் மாற்றமுறுவதில்லை. நாவலின் எல்லையும் அதுவே.

அகமாற்றத்தை ஆழமாக அணுகிய படைப்பு பிரையன் பிரீலின் 'மொழிபெயர்ப்புகள்' என்னும் நாடகமாகும். 1980 செப்டெம்பர் 23இல் டெரி நகர மண்டபத்தில், பிரீலும் நடிகர் ஸ்டீபன் ரேயும் நிறுவிய 'பீல்ட் டே' நாடகக் குழு இதனை முதன்முதல் மேடையேற்றிற்று. அந்நகருக்கு இன்றும் இரு பெயர்கள் உள. தேசியவாதிகளுக்கு அது டெரி, ஒன்றியவாதிகளுக்கு லண்டன்டெரி. நாடகத்தின் களமோ அந்நகரின் இயல்பான புறநாடாயிருந்து எல்லையினாற் பிரிக்கப்பட்ட டொனிகோல். காலம் 1833. ஐரிஷ் மொழியில் இயங்கும் ஏழைப் பள்ளியொன்று. ஊர்ப்பெயர்களை ஆங்கிலமாக்கித் தேசப்படம் வரைய வரும் பிரித்தானிய நில அளவைப் படையினர். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக வரும் ஓவன். அதிகாரிகள் அவனை 'ரோலன்ட்' என்றழைக்கின்றனர். அவனும் நெடுநேரம் திருத்தாதிருக்கிறான்.

நாடகம் வரலாற்றுண்மையினின்றும் பிறழ்கிறது என்ற குற்றச்சாட்டு உண்டு. நில அளவையின் வரலாற்றை 1975இல் நூலாக எழுதியவரும் அதன்மூலம் பிரீலுக்குத் தூண்டுதலாயமைந்தவருமான ஜே. எச். அன்ட்ரூஸ் என்பாரே அப்பிறழ்வுகளைச் சுட்டினார். நில அளவையாளர் மக்களைக் குடியெழுப்பும் படையாக இயங்கவில்லை. இக்கண்டனம் நியாயமானதே. எனினும் நாடகத்தின் பெறுமதி வேறிடத்தில் உள்ளதென்பது எமது கருத்து. முதலங்கத்தில் பேச்சுத் திக்கும் சாரா என்னும் பெண் தன் பெயரைச் சொல்லப் பழகுகிறாள். இறுதியங்கத்தில் படைத்தலைவன் லான்சி அதட்டி அவளது பெயரைக் கேட்கிறான். அவள் நாவடைத்துப் போகிறாள். அன்போடு கேட்கப்பட்டபோது விடையாயிருந்த பெயர், அதிகாரத்தோடு கேட்கப்பட்டபோது இல்லாமற் போகிறது. இக்காட்சி 1833க்கு உரியதன்று. சோதனைச் சாவடிகளில் தினமும் பெயரும் ஊரும் கேட்கப்பட்ட 1980ஆம் ஆண்டுப் பார்வையாளருக்குரியது.

ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளமான அவ்வெல்லையின் சிறு வீதிகள் பலவற்றை இராணுவம் குழிபறித்தும் கொங்கிறீற் இட்டும் மூடியிருந்த காலம் அது. 1960களின் இறுதி முதல் மூன்று தசாப்தங்களில் 3,500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எல்லை வீதிகளில் மட்டுமன்றி வீடுகளுள்ளும் இயங்கியதை அன்னா பேர்ண்ஸ் 2018இல் வெளியிட்ட, புக்கர் பரிசு பெற்ற 'பால்காரன்' நாவல் காட்டுகிறது. நகருக்கோ மாந்தருக்கோ அங்கு பெயரில்லை. உண்ணும் வெண்ணெயும் அருந்தும் தேநீரும் எத்தரப்பினுடையவை என நோக்கப்படுகின்றன. பிரித்தானியக் காரொன்றின் பழைய பாகத்தை வைத்திருந்தமையால் ஓர் இளைஞனின் விசுவாசம் ஐயுறப்படுகிறது. லான்சியின் வினாவை இங்கு அயலவரே கேட்கின்றனர். ஒடுக்கப்பட்ட சமூகமும் தன்னுள் எல்லைக் காவலரை உருவாக்கும் என்பதைத் தயக்கமின்றிச் சொல்வதே இந்நாவலின் துணிவு.

இப்பின்னணியிலேயே 1998 ஏப்ரல் 10இன் பெரிய வெள்ளி உடன்படிக்கையின் பொருள் தெளிவாகிறது. அது எல்லையை அகற்றவில்லை. வட அயர்லாந்தின் நிலை பெரும்பான்மை மக்களின் சம்மதமின்றி மாறாது என ஏற்றதுடன், அங்கு பிறந்தோர் தம்மை ஐரிஷ்காரராகவோ பிரித்தானியராகவோ இரண்டுமாகவோ கொள்ளலாம் என்றது. ஐரோப்பியத் தனிச்சந்தையினால் 1993இன் தொடக்கத்திலேயே சுங்கச் சோதனை நீங்கியிருந்தது. உடன்படிக்கையின் பின்னர் படைச் சாவடிகளும் நீங்கின. அடையாளம் மறையவில்லை, நாள்தோறும் அதற்கு விடையிறுக்க வேண்டிய கட்டாயமே தளர்ந்தது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் தம்மைப் பிரித்தானியர் என மட்டும் குறித்தோர் 31.9 வீதம்; ஐரிஷ்காரர் என மட்டும் குறித்தோர் 29.1 வீதம், வட அயர்லாந்தினர் என மட்டும் குறித்தோர் 19.8 வீதம். சந்தை இணைப்பு அடையாளத்தைக் கரைத்துவிடும் என்ற எதிர்பார்ப்பை இவ்வெண்கள் ஆதரிக்கவில்லை.

2016 ஜூன் மாத வாக்கெடுப்பில் ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் விலகத் தீர்மானித்தது. வட அயர்லாந்தில் 55.8 வீதத்தினர் விலகலை எதிர்த்திருந்தனர். நில எல்லையில் மீண்டும் சாவடி எழாதிருக்கும் பொருட்டு, 2021இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு பண்டச் சோதனையை ஐரிஷ் கடலுக்கு மாற்றிற்று. நிலத்திற் கேட்கப்பட்ட வினா துறைமுகத்திற் கேட்கப்படலாயிற்று. இம்முறை அதனாற் புண்பட்டோர் ஒன்றியவாதிகள். சோதிக்கப்பட்டவை பண்டங்களே, மனிதரல்லர் என்று கூறலாம். ஆனால் தம் நாட்டுக்குள்ளேயே தாம் வேறாக்கப்பட்டதாக அவர்கள் உணர்ந்தனர். 2021 ஏப்ரலில் அவர்களது பகுதிகளிற் கலகம் மூண்டமைக்கு இவ்வுணர்வும் ஒரு காரணமாயிற்று. 2022 பெப்ரவரியில் முதலமைச்சர் போல் கிவன் பதவி விலகினார். 2023இன் வின்சர் ஏற்பாடு சோதனைகளைக் குறைத்த பின்னரும், 2024 பெப்ரவரியிலேயே ஆட்சி மீண்டும் அமைந்தது.

இவ்வச்சத்தை முன்கூட்டியே மேடையேற்றிய நாடகம் டேவிட் அயர்லாந்தின் 'சைப்பிரஸ் அவெனியூ'. வாக்கெடுப்புக்குச் சில மாதங்கள் முன்னர், 2016 பெப்ரவரியில், அது டப்ளினில் அரங்கேறிற்று. தன் பேத்தியான கைக்குழந்தையைத் தேசியவாதத் தலைவர் ஜெரி அடம்ஸ் என நம்பும் பெல்பாஸ்ட் ஒன்றியவாதி ஒருவன், இறுதியில் தன் குடும்பத்தார்மீதே வன்முறையைக் கட்டவிழ்க்கிறான். தான் பிரித்தானியனேயன்றி வேறெதுவுமில்லை என்று ஓயாது நிறுவ முயல்வதே அவனைச் சிதைக்கிறது. 1980இல் ஓவனாக நடித்த ஸ்டீபன் ரேயே இப்பாத்திரத்தையும் ஏற்றார். எதிரெதிர்ச் சமூகங்களைச் சேர்ந்த இரு பாத்திரங்களையும் அலைப்பது ஒரே வினாவாதலின், இவ்வொருமை பொருத்தமுடையதாகிறது.

முற்போக்கு விமர்சகர் சாராவின் மௌனத்துக்காக எளிதில் இரங்குவர்; ஒன்றியவாதியின் வெறியை எளிதில் ஒதுக்குவர். ஆதிக்கத்தின் வரலாற்றை மறத்தல் ஆகாது. ஐம்பதாண்டுக் காலம் வட அயர்லாந்தின் வீட்டு வசதியிலும் வேலைவாய்ப்பிலும் கத்தோலிக்கர் பாரபட்சத்துக்குள்ளானமை மெய்யே. ஆயினும் நில எல்லை ஒருவருக்குக் காயமெனில், கடலெல்லை மற்றவருக்குக் காயமன்று என வாதிடல் விமர்சனமாகாது. கோட்டை இடம்மாற்றும் ஏற்பாடு காயத்தையும் உடன் இடம்மாற்றுகிறது. விடையிறுக்கும் கட்டாயத்தை இரு தரப்பினருக்கும் தளர்த்தும் ஏற்பாடே அமைதிக்கு வழிகோலும். இவ்வுண்மையை அரசியற் பத்திரங்களிலும் பார்க்க இப்படைப்புகள் தெளிவாகக் காட்டியுள்ளன. அவற்றை ஒரே அளவுகோல் கொண்டு, ஒன்றோடொன்று சேர்த்துப் பயில்வதே இத்துறையில் எம்முன்னுள்ள பணியாகும்.