கன்னி என்றொரு நாய்

"கேசிஐ பேப்பர் இருக்கா?" நாய்க்குட்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி இது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் வழங்கும் வம்சாவளிச் சான்றிதழைத்தான் 'பேப்பர்' என்கிறார்கள். பேப்பர் உள்ள குட்டிக்கு ஒரு விலை, இல்லாத குட்டிக்கு வேறு விலை. அந்தத் தாளை ஒரு இலக்கியப் பிரதியைப் போல வரிவரியாக வாசித்தால் என்ன தெரியும்?

குட்டியின் பெயர், இனம், பால், நிறம், பிறந்த தேதி, மைக்ரோசிப் எண். தகப்பன் பெயர், தாய் பெயர், அவற்றின் பெற்றோர், அவற்றுக்கும் பெற்றோர். பிறகு 'பிரீடர்' என்று ஒரு மனிதப் பெயர், 'உரிமையாளர்' என்று இன்னொரு மனிதப் பெயர். மேலோட்டமாகப் பார்த்தால் நம் பள்ளிச் சான்றிதழ்களைவிட இது முற்போக்கானதாகத் தோன்றும். தாயின் பெயர் இல்லாமல் இங்கே பதிவே கிடையாது. மனிதக் குழந்தை விஷயத்திலோ, தந்தை யாரென்று சொல்லாமலே மணமாகாத தாய் தன் குழந்தைக்குக் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் 'பிரீடர்' யார்? கென்னல் கிளப்களின் பொதுவழக்கில், தாய் நாய் யாருக்குச் சொந்தமோ அவர்தான். சினை சுமந்து, ஈன்று, பால் கொடுத்தது பெட்டை. 'உருவாக்கியவர்' என்ற பெயர் அதன் எஜமானருக்கு. ஆண் நாயின் சொந்தக்காரருக்கு 'ஸ்டட்' கட்டணம் போகும், அல்லது ஈத்தில் அவருக்குப் பிடித்த ஒரு குட்டி போகும். இது புதிய சிந்தனையும் இல்லை. விதை யாருடையது, நிலம் யாருடையது என்று மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் நீளமாக வாதாடுகிறது. பசு, குதிரை, எருமை ஆகியவற்றோடு அடிமைப் பெண்ணையும் ஒரே வரிசையில் வைத்து, ஈன்றதெல்லாம் அவளை உடைமையாக வைத்திருப்பவனுக்கே என்கிறது. தாய்வழி முக்கியமாவது தாயின் உரிமைக்காக அல்ல, தாய்மேல் உள்ள உரிமைக்காக.

கற்பும் இந்தப் பதிவேட்டில் உண்டு. ஒரே பருவத்தில் ஒரு பெட்டை இரண்டு ஆண் நாய்களோடு சேர்ந்துவிட்டால், டிஎன்ஏ சோதனையில் தகப்பனை நிரூபிக்காமல் குட்டிகளுக்குப் பேப்பர் கிடைப்பது கடினம். ஆண் நாய் மதில் தாண்டிப் போய்த் தெருநாயோடு சேர்ந்தால் அதன் சான்றிதழில் ஒரு எழுத்துகூட மாறாது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதைவிட மோசமான நம்பிக்கை ஒன்று இருந்தது. கலப்பு நாயோடு ஒருமுறை சேர்ந்த உயர்சாதிப் பெட்டை ஆயுள் முழுக்கக் கெட்டுப்போனது, பிறகு தன் இன ஆணுக்கு ஈன்றாலும் அந்தக் கறை குட்டிகளில் தெரியும் என்றார்கள். 'டெலிகனி' என்று அதற்கு அறிவியல் பெயரும் சூட்டினார்கள். ஸ்காட்லாந்தின் கோசார் யூவர்ட் 1890களில் வரிக்குதிரைகளையும் குதிரைகளையும் கலந்து சோதித்து அதைப் பொய்யென்று காட்டினார். 'கெட்டுப்போனவள்' என்ற சொல் நம் ஊரில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

காலவரிசையும் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி நடந்தது 1859இல். லண்டன் கென்னல் கிளப் 1873இல் வந்தது. மனிதர்களையும் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ய வேண்டும் என்ற கருத்துக்கு பிரான்சிஸ் கால்டன் 'யூஜெனிக்ஸ்' என்று பெயரிட்டது 1883இல். இந்தியாவுக்கு இந்தப் பாடம் புதிதாகத் தேவைப்படவில்லை. சாதியின் சாரம் அகமணமே என்றும், அதைக் காக்கத்தான் சதியும் கட்டாய விதவைக்கோலமும் சிறுமி மணமும் வந்தன என்றும் அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் காட்டினார். தூய்மைக்கு ஒரு பதிவேடு வைத்தால், அதன் காவல் முழுவதும் பெண்ணுடல் வாசலில்தான் நிற்கும்.

நம் தெற்கத்தி நாய்களுக்கு வருவோம். அஞ்சல் துறை 2005இல் இராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு என்பதே அதன் அழகு. அந்த வெள்ளையோடு சேர்ந்து வருவது காது கேளாமை. இந்த இனத்தில் அது பரவலாக அறியப்பட்ட குறை. கண்ணுக்கான அழகை நாம் தேர்ந்தெடுத்தோம், விலையைக் குட்டி கொடுக்கிறது. இன்னொரு இனத்தின் பெயரே 'கன்னி'. மணமகளுக்குப் பிறந்தவீட்டுச் சீராகக் கொடுக்கப்பட்ட நாய் என்று அதற்குப் பெருமையாகக் கதை சொல்கிறார்கள். கன்னி என்ற பெயரோடு ஒரு நாய், கன்னி என்ற தகுதியோடு ஒரு பெண், இரண்டும் ஒரே சீர்வரிசையில் வாசல் கடந்து போகின்றன. இந்தக் கதையைச் சொல்பவர்கள் யாரும் இதில் உறுத்தலை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

பதிவே வேண்டாமா என்றால், வேண்டும். நாட்டு இனங்கள் அருகிவரும் காலத்தில் கணக்கெடுப்பு அவசியம். ஏமாற்று வியாபாரியைப் பிடிக்கவும் பரம்பரை நோயைத் தடம் காணவும் மைக்ரோசிப் உதவும். 2017இன் நாய் இனப்பெருக்க விதிகள் பதினெட்டு மாதம் நிரம்பாத, எட்டு வயது தாண்டிய பெட்டையை ஈனவைக்கக் கூடாது என்கின்றன. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது என்கின்றன. எத்தனை முறை ஈன்றாள் என்பதைத் தாயின் பக்கம் நின்று எண்ணும் கணக்கு இது. வம்சாவளித் தாளிலும் அந்த எண் ஏற வேண்டும். குட்டி வாங்குகிறவர் தகப்பன் வாங்கிய சாம்பியன் பட்டங்களை வாசிப்பதுபோல, தாய் பெற்ற ஈத்துகளையும் வாசிக்கட்டும்.

இதையெல்லாம் வல்லம் வடகாலில் இருந்து யோசிக்கக் காரணம் உண்டு. 18,720 பெண் தொழிலாளர் தங்கும் சிப்காட் விடுதி இங்கே 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் கோக்கும் வேலைக்கு மணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. பெண்களை நாயோடு ஒப்பிடலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். 'பொட்டை நாயே' என்ற வசை அந்த ஒப்பீட்டை எப்போதோ செய்து முடித்துவிட்டது. நான் பார்ப்பது படிவங்களின் ஒற்றுமையை. வயது, உடற்தகுதி, மணமானவளா, கருவுற்றவளா என்ற கேள்விகள் ஒரு பெண்ணின் திறமையை அளக்கவில்லை. அவள் உடல் இப்போது யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதை விசாரிக்கின்றன. கென்னல் கிளப்புக்கு ஈனும் உடல் தேவை; ஆலைக்கு ஈனாத உடல் வசதி. இரண்டு இடத்திலும் கருப்பை ஒரு பதிவுக்குரிய விவரம்.

தொல்காப்பிய மரபியல் நாயின் பெண்ணுக்குப் பிணவு என்றும், குட்டிக்குக் குருளை என்றும் பெயர் தருகிறது. புலிக்குட்டிக்கும் அதே குருளைதான். அந்தச் சொற்களில் வசை இல்லை, விலையும் இல்லை. சிப்காட் சாலைகளில் ஷிப்ட் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்களின் காலடியில் படுத்திருக்கும் பிணவுகளுக்குப் பேப்பர் கிடையாது. அவற்றுக்கு இப்போது தேவை வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் கருத்தடையும் ஒரு தட்டுத் தண்ணீரும். பேருந்துக்குக் காத்திருப்பவர்களுக்குத் தேவை, மணமானவளா என்ற கேள்வி இல்லாத ஒரு விண்ணப்பப் படிவம்.